பாட்டிலைத் தாண்டிய பசு

குத்தம்பாக்கத்தில் ஃபக்ருன்னிசாவின் ஜெர்சிப் பசு தரையைவிட்டு ஒரு முழம் எழும்பியது ஒரு புதன்கிழமை காலையில். அன்றும் தண்ணீர் லாரி தாமதமாகத்தான் வந்தது. மாடு எழும்பிய காரணம் தெருவுக்கே தெரியும். அவள் கொழுந்தன் முஸ்தகீம் வானகரத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில் பிரியாணி மாஸ்டருக்குக் கையாள். மிஞ்சிய சோற்றை அன்னக்கூடை நிறையக் கொண்டுவந்திருந்தான். புருஷன் போன பிறகு அவளுக்கென்று இருந்த ஒரே பிழைப்பு அந்த மாடு. சோறு தின்றால் பால் கூடும் என்று அவளே கையால் அள்ளி வைத்தாள். மாட்டின் வயிறு புளித்து, நாள் கணக்கில் தண்ணீராகக் கழிந்தது. கண்கள் குழிக்குள் போயின. கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டால், கிள்ளிய இடம் மறுநாள்வரை கூடாரம்போல் நின்றது. உடம்பிலிருந்த ஈரமெல்லாம் போனபின் அதைத் தரையில் பிடித்துவைக்க எதுவும் மிச்சமில்லை.

கால்நடை டாக்டர் ஃபெபி ஸ்கூட்டரில் வந்தாள். மாடு மிதப்பதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் கவலையெல்லாம் பாட்டிலைப் பற்றித்தான். கழுத்து நரம்பில் ஊசியைச் செருகி, ட்யூபை மாட்டி, சலைன் பாட்டிலைக் கொட்டகை உத்திரத்தில் கட்டினாள்.

"பாட்டில் எப்பவும் மாட்டுக்கு மேலயே இருக்கணும்மா. கீழ வந்துட்டா ஒண்ணும் ஏறாது, ரத்தம்தான் எறங்கும்."

"எம்மா நேரம் டாக்டரம்மா?"

"அது தரையில நிக்கிற வரைக்கும்."

பாட்டில்கள் ஏற ஏற மாடு இறங்கியது. குளம்பு மண்ணைத் தொடும்போது ஃபக்ருன்னிசாவுக்கும் மூச்சு வரும். உடனே மறுபடி கழியும். மாடு முன்னைவிட உயரப் போகும். கொட்டகைக் கூரையின் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைக் கழற்றினார்கள். முஸ்தகீம் ஒருமுறை கயிற்றைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். பழைய தோல்பையில் தையல் விடுவதுபோல விலாவில் ஒரு சத்தம் கேட்டது. இப்படிக் காய்ந்த உடம்பு கிழிந்துபோகும், இழுக்காதே என்று ஃபெபி தடுத்துவிட்டாள். பாட்டிலைத்தான் உயர்த்த வேண்டியிருந்தது. முதலில் ஏணி, பிறகு பக்கத்து வீட்டு மாடி, அதன்பின் அந்த மாடியின் தண்ணீர்த் தொட்டி.

"இன்னா ஃபக்ரு, எங்க டேங்குக்கு நேர் மேல கீது உன் மாடு. கழிஞ்சி வெச்சா நாங்க இன்னாத்த குடிக்கிறது?" என்றாள் அந்த வீட்டுச் சொர்ணம்.

"மூடிய போட்டு வெய்யி சொர்ணம்."

சொர்ணம் மூடியைப் போட்டாள். பாட்டில் கட்ட ஒரு கம்பியும் நட்டுக் கொடுத்தாள். கழிச்சல் நின்றும் மாடு தேறவில்லை, மிச்சத்தை வெயில் குடித்தது. கோடை முடிவதற்குள் அது செல்போன் கோபுரத்தை எட்டியது. பூந்தமல்லி மருந்துக்கடைகளில் கிடைத்த ட்யூபையெல்லாம் ஒன்றோடொன்று செருகி நீட்டினார்கள். முஸ்தகீம் தினமும் பாட்டிலோடு கோபுரம் ஏறினான். மண்டப வேலையை விட்டுவிட்டான். ஐப்பசியில் மழை வரும், மாடு வாயைத் திறந்தால் போதும் என்று ஊர் சொன்னது. ஃபக்ருன்னிசாவும் அதை நம்பி இருந்தாள். மழை வந்தது, நன்றாகவே வந்தது. ஆனால் மாடு அதற்குள் மேகத்தைத் தாண்டியிருந்தது. மழை அதற்குக் கீழே பெய்தது.

அன்று ட்யூப் சிவந்தது. முஸ்தகீம் நனைந்துகொண்டே இறங்கி வந்து பாட்டிலை அவள் மடியில் வைத்தான். அதற்கு மேல் ஏற இடமில்லை அண்ணி என்றான். பாட்டில் கதகதப்பாக இருந்தது. மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டால் இருக்கும் அதே சூடு.

"ட்யூப்ல சொட்டு நிறுத்துற சக்கரத்த மூடிடுங்கம்மா," என்றாள் ஃபெபி.

"மூடினா?"

"கீழ வராது. மேலயும் போகாது."

பாட்டில் பாதி நிறையும்வரை ஃபக்ருன்னிசா அதைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு கட்டைவிரலால் சக்கரத்தைக் கீழே உருட்டினாள்.

அடுத்து வந்த வருஷங்களில் புதிய பஸ் நிலையம் கட்ட ஆட்கள் வந்தார்கள், வீட்டு மனைகள் விற்றன. ஃபக்ருன்னிசா திருமழிசையில் ஒரு தையல் கம்பெனிக்குப் போய்வந்தாள். மேகமில்லாத நாட்களில் மாடு உளுந்தளவு தெரியும். கால்நடைக் கணக்கெடுக்க வந்த ஜெகதீசன் வாசலில் நின்று, மாடு எத்தனை என்று கேட்டார். அவள் மேலே காட்டினாள். அவர் நெற்றியில் கைவைத்து நிதானமாகப் பார்த்தார்.

"ஒண்ணு," என்று குறித்துக்கொண்டார். "கோமாரி ஊசி போட்டாச்சா?"

"எட்டல சார்."

அவர் தலையாட்டினார். செருப்பில் ஒட்டியிருந்த சேற்றைப் படியில் தேய்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.