மைனஸ் அழிந்த அன்னம்

அன்று காலை வாசலில் இருந்தவர்கள்: அழகியநம்பி, அவர் மனைவி சரஸ்வதியம்மாள், அவர் தம்பியின் மகள்கள் ஸ்ரீப்ரியாவும் ஷில்பாவும், பலகை வெட்டிக் கொண்டுவந்த செல்வமணி. வேறு யாராவது கூட நின்றதாகச் சொன்னால் நம்ப வேண்டியதில்லை.

மாலையில் ஷில்பாவுக்கும் உமாசங்கருக்கும் நிச்சயதார்த்தம். ஸ்ரீவராகத்தில் நம்பி வீட்டு விசேஷம் என்றால் வாசலில் இரண்டு பலகை அன்னங்கள் ஒன்றையொன்று பார்த்து நிற்கும். பழைய ஜோடியைக் கரையான் தின்றுவிட்டதால், பள்ளியில் கணக்கு நடத்தும் ஸ்ரீப்ரியா புதிதாக வரைந்தாள். வளைவே கிடையாது, எல்லாம் நேர்க்கோடும் மூலையும்தான். கிராப் தாளில் வாசலின் நடுவை மையக்கோடாக வைத்து, வலப்பக்க அன்னத்தின் ஒவ்வொரு மூலையும் எவ்வளவு தள்ளி, எவ்வளவு உயரத்தில் என்று எழுதினாள். இடப்பக்க அன்னத்துக்கும் அதே எண்கள். தள்ளியிருக்கும் தூரத்துக்கு முன்னால் மட்டும் மைனஸ். கண்ணாடியில் தெரிவதுபோல முகம் மாறி வந்துவிடும்.

தாள் பலகை வெட்டும் கடைக்குப் போகுமுன் அழகியநம்பி வாங்கிப் பார்த்தார். ஓய்வுபெற்ற கணக்கு அதிகாரி. அவர் பார்க்காமல் அந்த வீட்டிலிருந்து ஒரு தாளும் வெளியே போனதில்லை. சுபகாரியத்தில் இத்தனை குறைச்சலா என்று முகம் சுளித்து, மைனஸ் எல்லாவற்றையும் ரப்பரால் அழித்துவிட்டார்.

ஆகவே இரண்டு அன்னங்களும் அச்சில் வார்த்ததுபோல ஒரே பக்கம் பார்த்தன. வலது அன்னம் ஆசையாகப் பார்க்க, இடது அன்னம் அதற்கு வாலைக் காட்டித் தெருக்கோடியைப் பார்த்தது.

"பெரியப்பா, நான் போட்ட மைனஸ் எங்க?" என்றாள் ஸ்ரீப்ரியா.

"நல்ல காரியத்துல குறைச்சல் எழுதப்படாது."

"அடிபொளி, பிரமாதம்," என்றாள் ஷில்பா. "கல்யாணத்துக்கு முந்தியே கோவிச்சுட்டுப் போகுது. போட்டோ எடுத்து உமாசங்கருக்கு அனுப்பட்டா?"

"நாப்பது வருஷமா நான் பாக்குற முகமாக்கும் அது," என்றாள் சரஸ்வதியம்மாள். "சாப்பிட வாங்கன்னு கூப்பிட்டா இப்படித்தான் திரும்பி நிப்பாரு."

கோவிலுக்குப் போகிறவர்கள் நடையைத் தளர்த்திப் பார்த்துக்கொண்டே போனார்கள். அழகியநம்பிக்கு வியர்த்தது. நாலு மணிக்குச் சம்பந்தி வெங்கடசுப்ரமணியன் இதே வாசலில் கால் வைப்பார். பெண் வீட்டு அன்னம் புறங்காட்டி நின்றால் அவர் என்ன நினைப்பார்?

"செல்வமணி, இதை அந்தப் பக்கம் மாத்தி வையி."

மாற்றினான். எதுவும் மாறவில்லை.

"அப்ப அரைச் சுத்து சுத்து."

சுற்றினான். முகம் சரியான பக்கம் வந்தது. ஆனால் அலகு தரையில், வால் ஆகாயத்தில்.

"அண்ணாச்சி, இது சிரசாசனமில்லா," என்றான் செல்வமணி.

ஸ்ரீப்ரியா பலகையின் ஒரு ஓரத்தைப் பிடித்தாள். "தள்ளினாலும் சுத்தினாலும் வராது பெரியப்பா. தோசையைப் புரட்டுற மாதிரி புரட்டணும்."

புரட்டினார்கள். அன்னம் ஜோடியைப் பார்த்து நின்றது. ஆனால் பின்பக்கத்தில் பெயின்ட் இல்லை. வெறும் பலகை, நடுவில் பென்சிலால் கடைக்காரன் எழுதிய 'நம்பி சார்'.

அழகியநம்பி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெள்ளை டப்பாவைத் திறந்தார். முதலில் தம் பெயரை மறைத்தார்.

"கண்ணு வைக்க மறந்திராதிய," என்றாள் சரஸ்வதியம்மாள்.

"எனக்குத் தெரியும்."

நாலு மணிக்கு வந்த வெங்கடசுப்ரமணியன் இரண்டு அன்னங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "ரொம்பப் பொருத்தமா இருக்கே. யாரு கணக்கு?"

ஸ்ரீப்ரியா பெரியப்பாவைப் பார்த்தாள். அழகியநம்பி முதுகை நிமிர்த்தினார்.

"கணக்கு எங்க ஸ்ரீப்ரியாவோடது. வெள்ளை மட்டும் என்னோடது."

"அது தெரியுது," என்றார் சம்பந்தி, அவர் முழங்கையைப் பார்த்து.

நிச்சயத்தன்று சம்பந்திகளுக்குள் மனத்தாங்கல், அதனால்தான் காலையில் ஓர் அன்னம் புறங்காட்டி நின்றது என்று தெருவில் ஒரு பேச்சு இருக்கிறது. மனத்தாங்கல் எதுவும் இல்லை. மைனஸ் அழிக்கப்பட்டிருந்தது.