ஒரு கொண்டைக்கடலை அளவு

கடலோரப் பாறை நிலையத்திலிருந்து வந்த பெட்டியை ஆபரேட்டர்தான் பிரித்தார். அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே பஞ்சு மெத்தைக்கு நடுவில் கண்ணாடி பாட்டில்கள் வரிசையாகப் படுத்திருந்தன. உடைந்தால் சில்லு தெறிக்காமல் இருக்க உடம்பு முழுக்க டேப் சுற்றியிருந்தார்கள். ஒவ்வொன்றின் கழுத்திலும் அவள் தம்பியின் கையெழுத்தில் ஒரு அட்டை. தம்பி இறந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. பெட்டி கப்பலில் மெதுவாக வந்திருந்தது.

அவள் அந்த ஆய்வகத்தின் தலைவி. காற்றில் கரியமில வாயு எவ்வளவு, மீத்தேன் எவ்வளவு, மிதக்கும் தூசும் கரியும் எவ்வளவு என்று அளந்து சொல்வது அவர்கள் தொழில். அதற்குக் காற்று வேண்டும், அதுவும் ஊர்ப்புகை படாத காற்று. பாட்டிலில் இருப்பதையெல்லாம் பம்ப் வைத்து உறிஞ்சி வெற்றிடமாக்கி நிலையத்துக்கு அனுப்புவார்கள். வாரம் ஒருமுறை அங்கிருப்பவர் பாறை விளிம்புக்குப் போய், கடலைப் பார்த்து நின்று, திருகைத் திறப்பார். ஸ்ஸ் என்று காற்று உள்ளே பாயும். மூடிவிட வேண்டும். ஒரு பாட்டில் பொய் சொல்லலாம் என்பதால் எப்போதும் இரண்டு பாட்டில், அடுத்தடுத்து. இரண்டும் ஒரே கணக்கைச் சொன்னால்தான் ஏற்றுக்கொள்வார்கள். சொல்லாவிட்டால் அதற்கு ஆய்வகத்தில் சண்டை ஜோடி என்று பெயர். சண்டை ஜோடியைக் கணக்கிலிருந்து தள்ளிவிட்டு, பாட்டில்களை மறுபடி பம்ப்பில் மாட்டிவிடுவார்கள்.

திறக்கிறவர் மூச்சு விடக்கூடாது. அதுதான் முதல் விதி. மனுஷன் வெளியே விடும் மூச்சில் சாதாரணக் காற்றைவிட நூறு மடங்கு கரியமில வாயு. கொஞ்சம் கலந்தாலும் கடற்காற்று சந்தைக்கடைக் காற்றாகிவிடும்.

தம்பிக்கு ஆய்வகத்தில் ரேடியோ என்று பெயர். வாய் ஓயாது. "வாரத்துக்கு ஒரு தடவ பத்து நிமிஷம் வாய மூடிக்கிட்டு இருக்கத்தான் எனக்குச் சம்பளமே. மத்த நேரம் நான் பேசறதெல்லாம் இலவச சேவை" என்பான். அவன் அனுப்பிய ஜோடிகள் ஒருமுறைகூடச் சண்டை போட்டதில்லை.

மழையில் நிலையத்துச் சரிவில் இறங்கும்போது பைக் சறுக்கியது. அவ்வளவுதான் செய்தி. அவள் போனாள், கையெழுத்துப் போட்டாள், அவன் உடலை ஊருக்குக் கொண்டுவந்தாள், ஒரு வாரத்தில் வேலைக்குத் திரும்பினாள். மனசு கல் என்று சிலர் சொன்னார்கள், தைரியசாலி என்று சிலர் சொன்னார்கள். இரண்டும் இல்லை. மரத்துப்போக ஊசி போட்ட பல் மாதிரி இருந்தது. நாக்கால் தொட்டால் அது அங்கே இருப்பது தெரிந்தது. வேறு ஒன்றும் தெரியவில்லை.

மதியம் ஆபரேட்டர் அவள் அறை வாசலில் வந்து நின்றார். ஓய்வுபெறும் வயது, மெஷினைப் பெற்ற பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்கிற மனிதர்.

"மேடம், ஒரு ஜோடி சண்டை."

"எந்தப் பெட்டி?"

"காலைல பிரிச்சதுதான். ரெண்டாவது பாட்டில் பதினாலு தூக்குது. நானும் மெஷின்தான் மக்கர் பண்ணுதுன்னு மூணு வாட்டி ஓட்டிட்டேன். நம்ம ரேடியோ பாட்டில்ல இப்படி வந்ததே இல்லையே."

பத்து லட்சத்தில் பதினாலு பங்கு கரியமில வாயு கூடுதல். அவள் அட்டையிலிருந்த தேதியைப் பார்த்தாள். பார்த்ததும் நினைவு வந்துவிட்டது.

வீட்டில் தண்ணீர் மோட்டார் நின்றுபோன நாள் அது. ரிப்பேர்காரர் நம்பர் தம்பியிடம்தான் இருந்தது. அவள் போன் போட்டாள். அம்மாவுக்கு ரத்த அழுத்தம் ஏறிய நாளிலிருந்து, அக்கா போன் வந்தால் எங்கே இருந்தாலும் முதல் மணியிலேயே எடுக்க வேண்டும் என்று அவனிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். எடுத்தான்.

"சொல்லுக்கா" என்றான். உடனே, "அய்யய்யோ, போச்சு. பாட்டில் தெறந்திருக்கு. நல்லா உள்ள பாத்தே சொல்லுக்கான்னு சொல்லித் தொலச்சிட்டேன். உன் மெஷின் என்னக் காட்டிக் குடுக்கப் போவுது பாரு."

"லூசு, அப்புறம் எதுக்குடா எடுத்த?"

"எடுக்கலன்னா கொன்னுடுவேன்னு சொன்னது யாரு?"

அவள் சிரித்துவிட்டு நம்பரை வாங்கிக்கொண்டாள். மோட்டார் அன்றைக்கே சரியாகிவிட்டது.

"மேடம்?" என்றார் ஆபரேட்டர். "காரணம் என்ன போடட்டும்? தெரியலன்னு போட்டுடவா?"

"மூச்சு" என்றாள். "அவன் பேசிட்டான்."

ஆபரேட்டர் தலையாட்டினார். ஆனால் போகவில்லை. அவருக்கும் புரிந்துவிட்டது. "நாளைக்குக் காலைல நிலையத்துக்குப் போற கப்பலுக்கு வண்டி கெளம்புது மேடம். புது ஆள் காத்துக்கிட்டிருக்காரு. போன மாசம் ரெண்டு உடஞ்சுபோனதுல கையில உபரி பாட்டிலே இல்ல. இதையும் பம்ப்ல மாட்டினாத்தான் எண்ணிக்க சரியா வரும். இல்லன்னா ஒரு வாரம் விட்டுப்போயிரும்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "விட்டுப்போனா போகட்டும்னு நீங்க சொன்னா, நான் உடஞ்சிடுச்சுன்னு சொல்லிக்கிறேன்."

அந்த நிலையத்தின் வரிசையில் ஒரு வாரம்கூட விடுபட்டதில்லை. காய்ச்சலோடு போய் பாட்டில் திறந்துவிட்டு அதைப் பற்றி ஒரு மணி நேரம் போனில் அளந்தவன் அவன்.

"காலைல சொல்றேன்" என்றாள். சாயங்காலம் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டாள். ஏதாவது தோன்றும் என்று காத்திருந்தாள். தோன்றவில்லை. அதனால் கணக்குப் போட்டாள். விடும் மூச்சில் நூற்றுக்கு நாலு பங்கு. பாட்டில் இரண்டரை லிட்டர். கூடுதல் பதினாலு. வகுத்துப் பார்த்தால் அவன் மூச்சு ஒரு மில்லிகூட இல்லை. அதிலும் பாதியை மெஷின் குடித்துவிட்டது. மிச்சம் ஒரு கொண்டைக்கடலை அளவு. மற்றதெல்லாம் கடல்.

அம்மா சமையலறை மேஜையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். தபால் ஆபீஸில் முப்பது வருடம் ஊர்வாரியாகக் கடிதம் பிரித்த கை. எதையும் அதனதன் இடத்தில் போடாவிட்டால் தூக்கம் வராது. டிவி சத்தமில்லாமல் ஓடியது. இப்போதெல்லாம் அப்படித்தான்.

"என்னடி அது, ஊறுகாய் ஜாடி மாதிரி?"

அவள் சொன்னாள். மோட்டார், போன், சொல்லுக்கா, பதினாலு, கொண்டைக்கடலை எல்லாவற்றையும் அறிக்கை வாசிப்பதுபோல் வரிசையாகச் சொல்லி முடித்தாள். அம்மா ஒரு தலையணை உறையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

"அவன் மூச்சா இது?"

"ஆமாம்மா."

"வெளிய விட்ட மூச்சுதான?"

"ஆமா."

"அவனுக்கு வேண்டாம்னுதான விட்டான்."

அம்மா பாட்டிலைத் தன் பக்கம் இழுத்து, டேப்பின் இடுக்கு வழியாக உள்ளே பார்த்தாள். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. திருகைத் தொட்டாள்.

"இதத் தெறந்தா வெளிய வருமா?"

"வராதும்மா. பாதிய மெஷின் எடுத்துட்டதால உள்ள அழுத்தம் கம்மி. தெறந்தா நம்ம வீட்டுக் காத்துதான் உள்ள போகும்."

"அப்ப அவன் அதுக்குள்ளயே கெடப்பானா?"

"கலந்து கெடப்பான்."

அம்மா கையை எடுத்துவிட்டாள். கொஞ்ச நேரம் ஊமை டிவியில் யாரோ யாருக்கோ பரிசு கொடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இத இங்க வச்சா எங்கடி வைக்கிறது? அலமாரில வச்சா தெனம் தொடைக்கணும். கை தவறிச்சுன்னா நான்தான் ஒடச்சேன்னு ஆயிடும். அந்தப் புது ஆளு ஒரு பாட்டில் கம்மியா வச்சுக்கிட்டு முழிப்பான்."

"அத விடும்மா. ஒனக்கு வேணுமா வேண்டாமா, அத சொல்லு."

"ஒனக்கு?"

"தெரியல."

"எனக்கும் தெரியல" என்றாள் அம்மா. "தெரியாததுக்காக ஒருத்தர் வேலையக் கெடுக்கறது நல்லால்ல. காலைல நானும் வரேன்."

அம்மா அதுவரை ஆய்வகத்துக்கு வந்ததே இல்லை. மறுநாள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பம்ப் அறை ஸ்டூலில், டாக்டருக்குக் காத்திருக்கும் நோயாளி மாதிரி உட்கார்ந்திருந்தாள். ஆபரேட்டர் பாட்டிலைத் தாங்கியில் பொருத்தி, குழாயை மாட்டினார். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"போடட்டுமா மேடம்?"

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா பம்ப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போடுங்க."

பம்ப் உறுமத் தொடங்கியது. அழுத்தமானியின் முள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"இப்ப எங்க போகுது?" என்று அம்மா சத்தமாகக் கேட்டாள்.

"மாடிக்கு மேல ஒரு குழாய் இருக்கும்மா. அது வழியா வெளிய" என்றார் ஆபரேட்டர்.

அம்மா எழுந்து, கைப்பையோடு வெளியே போய்விட்டாள். அவள் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்து தயங்கி நின்றது. கடைசிக் கொஞ்சத்துக்கு எப்போதும் நேரம் ஆகும். ஆபரேட்டர் வண்டிக்காரரிடம் பேசப் போனார்.

ஜன்னல் வழியாக முற்றத்தில் அம்மா தெரிந்தாள். வெயிலுக்கு நெற்றியில் கையை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். பார்த்துக்கொண்டிருந்தது கான்டீன் புகைக்குழாயை. பம்ப் குழாய் கட்டடத்தின் மறுபக்கம், துருப்பிடித்து, ஒரு கைத்தடி கனம்தான் இருக்கும். இது பெரிய குழாய். நன்றாகப் புகை வந்துகொண்டிருந்தது.

சொல்லிவிடலாம் என்றுதான் அவள் வெளியே போனாள். பிழை என்றால் திருத்துவதுதான் அவள் வேலை. பக்கத்தில் போய் நின்றாள்.

"அதோ போகுது பாரு" என்றாள் அம்மா.

அவள் அண்ணாந்து பார்த்தாள். எண்ணெய்ப் புகை, கரி, ஆவி. எதில் என்ன எவ்வளவு என்று அவளால் சொல்ல முடியும். அம்மாவின் கை துழாவி வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. அந்தப் பிடி கொஞ்சம் வலித்தது.

"ஆமாம்மா" என்றாள். "போகுது."