தட்டு நிறையாமல் தாலி இல்லை

"டௌரின்னு எழுதியிருக்கா இல்லையா? அதை மட்டும் சொல்லு" என்றாள் விசாலாட்சி.

"எழுதியிருக்கு அத்தை."

மாமியாரின் முகம் ஒரு மாதத்தில் முதல்முறையாகத் தெளிந்தது. கனடாவில், கோட்-டெ-நெய்ஜ் பகுதி அடுக்குமாடி வீட்டுக்கு வெளியே, எழுபத்து நாலாம் வருஷத்து மார்ச் பனி அழுக்காய் உருகிக்கொண்டிருந்தது. இன்ஜினியரான இளைய மகன் மணிவாசகம் தாய்லாந்து நர்ஸ் சுமாலியைத்தான் கட்டுவேன் என்று நின்றதும், மதுரையிலிருந்து விமானம் ஏறி வந்தவள் அவள். அழுது பார்த்தாள்; பட்டினி கிடந்தும் பார்த்தாள். இப்போது சுமாலியின் தாயார் யாரையோ கொண்டு இங்கிலீஷில் எழுதிய கடிதத்தை மூத்த மருமகள் அனுசூயா படித்துச் சொன்னாள். வழக்கப்படி டௌரியாக இருபது பவுன் பொன்னைத் தட்டில் வைத்து, சபை பார்க்கக் கொடுக்க வேண்டுமாம்.

யார் யாருக்கு என்று கடிதத்தில் இல்லை. ஆனால் அனுசூயாவுக்குத் தெரியும். அடித்தளத்துச் சலவை அறையில் சுமாலி சொல்லியிருந்தாள். அவர்கள் ஊரில் மாப்பிள்ளை வீடுதான் பெண்ணைப் பெற்றவளுக்குக் கொடுக்க வேண்டும். பாலூட்டி வளர்த்ததற்கு அது மரியாதை. மணிவாசகத்துக்கும் இது தெரியும். அம்மாவிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள் அண்ணி என்று நழுவிவிட்டான்.

அனுசூயா சொல்லவில்லை.

எட்டு வருஷம் முன்பு, அவள் கல்யாணத்தன்று, மதுரை மண்டபத்தில், பேசிய நகையில் ஐந்து பவுன் குறைகிறது என்று இதே விசாலாட்சி தாலியை நிறுத்தி வைத்தாள். அப்பா இரண்டு மாதம் தவணை கேட்டுக் கைகூப்பினார். டாக்டர் மாப்பிள்ளை சுந்தரராஜன் மணவறையில் குனிந்த தலை நிமிரவில்லை. கடைசியில் அம்மா எல்லார் முன்னிலும் கையில் சோப்பு தடவித் தன் வளையல்களைக் கழற்றினாள். அதன்பின் சாகும்வரை கண்ணாடி வளையல்தான்.

"பதில் எழுது" என்றாள் மாமியார். "எங்க வழக்கமும் அதேதான். பேசினதுல குந்துமணி குறையக் கூடாது. தட்டு நிறையாம தாலி ஏறாது."

அனுசூயா ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. விசாலாட்சி தமிழில் கையெழுத்துப் போட்டாள். பிறகு ஊரிலிருந்த தமிழ் டாக்டர், புரொபசர் வீடுகளுக்கெல்லாம் போன் செய்து, சம்பந்தி செய்யப்போகும் சீரைப் பார்க்க வரச் சொன்னாள்.

மே மாதம் வாடகைக் கூடத்தில் கல்யாணம். சுமாலியின் தாயார் சின்ன உருவம், பட்டுச் சுற்றுடை. அவள் சிவப்புத் துணி விரித்து, வெள்ளித் தட்டு ஒன்றை விசாலாட்சியின் முன் வைத்துக் கும்பிட்டு, எதிரே உட்கார்ந்தாள். தட்டு காலி.

"இதை எதுக்கு என் முன்னாடி வைக்கிறா?"

"நீங்கதான் வைக்கணும் அத்தை. அவங்க ஊர்ல மாப்பிள்ளை வீடுதான் தர்றது" என்றாள் அனுசூயா, கூடம் முழுக்கக் கேட்கும்படி. "தட்டு நிறையாம தாலி ஏறாதுன்னு நீங்கதானே எழுதினீங்க."

விசாலாட்சி மகனைப் பார்த்தாள். அண்ணி முன்பே சொல்லியிருப்பாள் என்று நம்பியிருந்த மணிவாசகம், அண்ணனைப் போலவே தலையைக் குனிந்துகொண்டான். அழைத்துவந்த நாற்பது பேரும் அவளையே பார்த்தார்கள். சங்கிலி கழன்றது. அட்டிகை கழன்றது. வளையல்கள் மட்டும் தடித்த மணிக்கட்டில் சிக்கிக்கொண்டன. அனுசூயா குளியலறைக்குப் போய்ச் சோப்பை ஈரத்தோடு எடுத்துவந்து நீட்டினாள்.

விசாலாட்சியின் கண்ணீரைக் கண்டு சங்கடப்பட்ட சுமாலியின் தாயார் மகளிடம் ஏதோ விசாரித்தாள். எங்களில் பெண் வீடுதான் கொடுக்கும், அத்தைக்குக் கொடுத்துப் பழக்கமில்லை என்று அனுசூயா விளக்கினாள். அந்த அம்மாள் வியந்துபோனாள். பொன்னைத் துணியில் முடிந்து, தோளில் ஏற்றி, அவர்கள் சடங்குப்படி கனம் தாங்காதவள் போல இரண்டடி தள்ளாடிக் காட்டினாள். தாய்லாந்து நர்ஸுகள் சிரித்தார்கள். பிறகு மூட்டையை அப்படியே சுமாலியின் மடியில் வைத்தாள். குழந்தைகள் குடித்தனம் நடத்த அது வேண்டுமே என்றாள்.

விசாலாட்சியின் கையைப் பரிவோடு பிடித்துக்கொண்டு அவள் ஒன்று கேட்டாள். சுமாலி அதை இங்கிலீஷில் சொன்னாள். அனுசூயா கடைசி வரிசைக்கும் கேட்கட்டும் என்று தமிழில் சொன்னாள்:

"என் கல்யாணத்துல எங்கப்பா, அம்மா குடுத்ததை நீங்களும் இப்படித்தானே எங்க கையிலயே திருப்பிக் குடுத்திருப்பீங்கன்னு கேக்குறாங்க அத்தை."

விசாலாட்சி வெறும் மணிக்கட்டில் ஒட்டியிருந்த சோப்பைத் துடைத்தாள். பதிலை மொழிபெயர்க்க வேண்டியவள் அனுசூயா. அவசரமில்லாமல் அங்கேயே நின்றாள்.