ஆணி ஓட்டையில் அக்கா

பழைய கன்னியர் மடத்தை ஓவியக் கூடமாக்கிய வருடம், படம் மாட்ட ஆணி அடித்த இடங்களிலெல்லாம் சுவர் திட்டியது. ஓட்டைக்கு ஒரு வசவு. வாசல் பக்கத்து ஓட்டை "நாசமாப் போறவனே" என்றது. மாடிப்படி ஓட்டை யாரோ ஒரு அண்ணனை விடாமல் வறுத்தெடுத்தது. அந்த மடத்தில் பேசக் கூடாது என்பது சட்டம். தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் விழுங்கியதையெல்லாம் சுண்ணாம்பு குடித்து வைத்திருக்கிறது என்று தெரிந்தபோது யாரும் பெரிதாக வியக்கவில்லை. ஈரம் கசியிற மாதிரிதான் என்றார் கொத்தனார். பள்ளிப் பிள்ளைகள் கெட்ட வார்த்தை கற்றுக்கொண்டு வீட்டுக்குப் போவதாகப் புகார் வரவே, ஓட்டைகளைப் பட்டி வைத்து அடைக்கச் சொன்னார் கூடத்து அதிகாரி.

சேதி கேட்டுத் தையல்காரி ஓடிவந்தாள். பெண் பார்க்க வந்தவர்களை எதிர்த்துப் பேசினாள் என்று அவள் அக்காவை அப்பா இந்த மடத்தில்தான் கொண்டுவந்து தள்ளினார். ஊர் பேசுது, நான் என்ன பண்றது, வாய் அடங்கட்டும் என்றார். அடங்கியது. அக்கா இங்கேயே நரைத்து இங்கேயே செத்தாள். அப்பா கடைசிவரை குறட்டை விட்டுத் தூங்கினார். அதை நினைத்தால் தையல்காரிக்கு இன்றும் பற்கள் நறநறக்கும்.

சீட்டு வாங்கிக்கொண்டு ஓட்டை ஓட்டையாகக் காதை வைத்தாள். எல்லாம் யார் யாருடைய அக்காக்களோ. பின்னாலேயே கொத்தனார் அடைத்துக்கொண்டு வந்தார்.

"கொஞ்சம் நகருங்கம்மா, பட்டி காஞ்சிரும்."

"எங்கக்கா இன்னும் பேசல. பூசினே, கைய ஒடிச்சிருவேன்."

"நான் என்னம்மா பண்றது? மேல சொல்றாங்க."

"எங்கப்பனும் இதையேதான்யா சொன்னான்!"

கடைசியில் படமே மாட்டாத ஒரு பொந்து போன்ற அறை. படம் இல்லை, அதனால் ஓட்டை இல்லை, அதனால் குரலும் இல்லை. தையல்காரி பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துச் சுவரில் ஓங்கிக் குத்தினாள். சுண்ணாம்பு உதிர்ந்தது.

"வந்துட்டியா சுண்டெலி? இத்தனை நாள் எங்கடி போய்த் தொலைஞ்ச?"

அப்படி அவளைக் கூப்பிட ஒருத்திதான் இருந்தாள்.

"மடத்துக்குள்ள விடலக்கா."

"விடலன்னா? கதவ ஒடைக்க வேண்டியதுதானடி!"

தங்கையை ஒரு பாடு திட்டி முடித்துவிட்டுச் சுவர் அப்பாவிடம் போனது. கொத்தனார் பட்டிச் சட்டியைக் கீழே வைத்துவிட்டார். தடுக்க வந்த அதிகாரிக்கும் போகிற போக்கில் ஒரு வசவு விழுந்தது. அவர் அதன்பிறகு அந்தப் பக்கம் வருவதில்லை.

இப்போதும் அந்த அறையில் படம் கிடையாது. ஒரு முக்காலி போட்டிருக்கிறார்கள். தையல்காரி வாரம் தவறாமல் வந்து உட்கார்ந்து, காஜா எடுத்தபடியே கேட்டுக்கொண்டிருக்கிறாள். அப்பாவைப் பற்றியே இன்னும் முடியவில்லை.