ஊக்குப் போட்ட செருப்பு

வாசலில் ஒரு காலை நுழைத்த பிறகுதான் வலது செருப்பின் வார் பிய்ந்திருப்பதை முத்துக்குமாரு கண்டார்.

"குணேஸ், ஒரு ஊக்கு தாரும்."

குணேஸ்வரி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எழுந்து போய்த் தேடப் பொறுமையில்லாமல், தோளில் சேலையைப் பிடித்திருந்த ஊக்கையே கழற்றிக்கொண்டு வந்தாள். தலையில் பச்சை மணி வைத்த ஊக்கு.

"இதென்ன, கலியாணத்துக்குப் போற செருப்பு மாதிரி."

"இதுதான் இருக்கு. கீழே தைக்கிறவனிட்டைக் குடுக்கச் சொல்லி எத்தனை தரம் சொன்னன்?"

"போர்ட்டுக்குப் போற மனுசனுக்கு ஊக்குப் போதும். விக்டோரியா ராணியோ வரப்போறா?"

"வந்தாலும் அவவையும் வெயிலிலை நடக்க வைப்பியள்."

அவர் சிரித்தார். குனிந்து வாரில் ஊக்கைக் குத்தி மூடிவிட்டு, படியிறங்கிப் போனார். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியின் அந்தப் படிகளில் அவருடைய செருப்புச் சத்தம் கேட்டது அதுதான் கடைசி.

ரயில்வேயில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர் முத்துக்குமாரு. சனிக்கிழமை தவறாமல் கோலாலம்பூர் சென்ட்ரலில் ரயிலேறி, கடைசி நிலையமான போர்ட் கிள்ளானுக்குப் போவார். ஒரு காலத்தில் போர்ட் ஸ்வெட்டன்ஹம் என்று பெயர் பெற்றிருந்த அந்தத் துறைமுக ஊரின் பழைய கட்டடங்களை, விருப்பப்பட்டு வருகிறவர்களுக்குக் காட்டிக்கொண்டே நடப்பார். வீட்டிலும் ஒத்திகை நடக்கும். அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, "ராணி செத்த அதே வருசத்திலை துறைமுகம் திறந்தது. ராணி பார்க்கேல்லை. கொசு பார்த்திட்டுது. சதுப்பு நிலம், காய்ச்சல். திறந்த கையோடை மூட வேண்டி வந்தது" என்று அவர் சொல்வதைக் கேட்டுக் கேட்டு, ஒரு தடவைகூடப் போகாத ஊர் குணேஸ்வரிக்கு மனப்பாடமாகியிருந்தது. கூப்பிட்டபோதெல்லாம், "பாழடைஞ்ச கட்டடம் பார்க்க ரயில் ஏறவோ?" என்று தட்டிக் கழித்துவிட்டாள்.

அன்று மதியம் அவருடைய கைபேசியிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது ஒரு பெண்.

"ஆன்டி, அங்கிள் ஸ்டேஷன் முன்னாடி விழுந்துட்டாரு. ஆம்புலன்ஸ் வந்துருச்சு. கிள்ளான் ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க ஆன்டி, சீக்கிரம்."

போய்ச் சேர்ந்தபோது முடிந்திருந்தது. மாரடைப்பு.

காரியங்கள் நடந்தன. தகனத்தன்று மாடி வராந்தாவிலிருந்து குணேஸ்வரி கீழே எட்டிப் பார்த்தாள். வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு பெரியவர் கார் நிறுத்துமிடத்தின் ஓரத்தில் தனியாக நின்றார். மேலே வரவில்லை. வண்டி புறப்பட்டதும் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். யாரென்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாள்தான் ஆஸ்பத்திரியில் கொடுத்த பையைத் திறந்தாள். கடிகாரம், கண்ணாடி, மடித்த சட்டை, கால்சட்டை, ஒரு கைக்குட்டை. செருப்பு இல்லை.

பையைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறினாள். இல்லை.

கைக்குட்டையை எடுத்தாள். நான்கு முனைகளிலும் முடிச்சுப் போட்டிருந்தது. முகத்துக்கு அருகில் கொண்டுபோனபோது அத்தர் வாசனை வந்தது. அவர் திருநீறும் வியர்வையுமாக மணந்த மனிதர். அத்தர் பூசியதே இல்லை.

குணேஸ்வரிக்குச் சந்தேகம் புதிதல்ல. நல்லெண்ணெய் சீக்கிரம் தீர்கிறதே என்று வீட்டு வேலைக்கு வரும் லோகேஸ்வரியைச் சந்தேகப்பட்டு, போத்தலில் பேனாவால் கோடு போட்டு வைக்கிறவள் அவள். ஆனால் கணவர்மேல் கோடு போட்டு வைக்க அவளுக்குத் தோன்றியதே இல்லை.

"தெருவிலை விழுந்த ஆளுக்குக் காலிலை செருப்பு இருந்திருக்கும்" என்றாள் மகளிடம்.

சிந்துஜா மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஹாஸ்பிட்டல்ல மிஸ்ஸாயிருக்கும் லா அம்மா."

"கடிகாரம் மிஸ்ஸாகேல்லை. பிஞ்ச செருப்பை ஆர் களவெடுப்பினம்?"

"சரி, நீங்களே சொல்லுங்க, CID ஆன்டி."

"செருப்பைக் கழட்டி வைச்சிட்டு ஆரின்ரையோ வீட்டுக்குள்ளை போயிருக்கிறார். உள்ளைதான் விழுந்திருக்கிறார். அதை மறைச்சு, தெருவிலை விழுந்ததாச் சொல்லுகினம்."

சிந்துஜாவின் விரல்கள் நின்றன. "அம்மா. அப்பாவா? அவருக்கு ஒரு ஆணியடிக்கவே வராது. அவருக்கு எதுக்கு இன்னொரு வீடு?"

மகள் சிரிக்கப் பார்த்தாள்; முடியவில்லை. குணேஸ்வரி கைக்குட்டையை மடித்தாள். நடை பதினொன்றுக்கெல்லாம் முடிந்துவிடும் என்பார்; வீட்டுக்கு வருவது நாலு மணிக்கு. ரயில் தாமதம் என்பார். இத்தனை வருடமாக எல்லாச் சனிக்கிழமையுமா ரயில் தாமதம்?

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. ஐயர் முன் அவருடைய பெயர் சொல்லி அவள் எள்ளும் தண்ணீரும் எடுத்து வைக்க வேண்டும். இன்னொரு வாசலில் செருப்பைக் கழற்றிய மனிதனுக்கு அதை எப்படிச் செய்வது? அதற்கு முன்னால் தெரிந்தாக வேண்டும். சாவுத் துடக்கு முடியாமல் வெளியே போகக் கூடாது என்று யாரும் சொல்வதற்கு முன், சனிக்கிழமை காலையில் அவள் தனியாக ரயிலேறினாள்.

கிள்ளான் தாண்டியதும் பெட்டி காலியாகிவிட்டது. ஜாலான் கஸ்தாம் நிலையம் கழிந்து, தண்டவாளம் முடியும் இடத்தில் இறங்கினாள். உப்பும் டீசலும் கலந்த காற்று. எதிரே பூலாவ் கெத்தாம் தீவுக்குப் படகு போகும் துறை. நண்டு வாங்கப் போகிற கூட்டம் குடையும் பெட்டியுமாக நின்றது.

அகப்பையை ஆட்டிக்கொண்டு அவர் சொன்ன வரிசையிலேயே ஊர் இருந்தது. நிலையம். கிடங்குகள். சுங்கக் கட்டடம். "இந்தத் தூணைத் தொட்டுப் பாருங்கோ, எங்கடை ஆக்கள் நாகப்பட்டினத்திலிருந்து வந்து இறங்கின காலத்தைக் கண்ட தூண்" என்று அவர் சொல்லும் தூணில் கைபேசி விளம்பரம் ஒட்டியிருந்தது. சன்னல் வளைவுகள் அழகாகத்தான் இருந்தன. அதை ஒத்துக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை. கட்டடங்களைப் பார்க்க அவள் வரவில்லை. வாசல்களைப் பார்க்க வந்தாள்.

கடை வீடுகளின் பின்புறச் சந்துகளில் நடந்தாள். ஒரு வாசலில் பள்ளிக்கூடச் சப்பாத்துகள். ஒன்றில் ரப்பர் செருப்பு, குதிகால் உயர்ந்த செருப்பு, குழந்தையின் பூப்போட்ட செருப்பு. ஒவ்வொரு வாசலும் உள்ளே எத்தனை பேர், என்ன வயது என்று சொல்லிக்கொண்டிருந்தது. குதிகால் உயர்ந்த செருப்பைக் கண்ட இடத்தில் சற்று நின்று, திரைச்சீலையைப் பார்த்தாள். உள்ளிருந்து ஒரு சீனப் பெண் எட்டிப் பார்த்து, "சாரி ஆப்பா?" என்று மலாயில் கேட்டாள், என்ன தேடுகிறாய் என்று. எதைத் தேடுகிறாள் என்று எப்படிச் சொல்வது? தலையாட்டிவிட்டு நடந்தாள்.

வெயில் தாங்காமல் நிலையத்தின் எதிரே இருந்த சாப்பாட்டுக் கடையில் போய் உட்கார்ந்தாள்.

"ஆன்டி, என்ன குடிக்கிறீங்க?"

குணேஸ்வரி நிமிர்ந்தாள். நாற்பது வயதிருக்கும். முக்காடு, களையான முகம். முகம் தெரியாது. குரல் தெரியும். அந்தக் குரல்தான் அவளை விதவையாக்கியது.

"நீர்தானே எனக்குப் போன் எடுத்தது?"

அந்தப் பெண் கையிலிருந்த தட்டை மேசையில் வைத்தாள். "ஆன்டி... முத்து அங்கிள் வீட்டு ஆன்டியா?"

"முத்து அங்கிள்." அந்தப் பெயர் அப்படி இயல்பாக அவள் வாயில் வந்தது குணேஸ்வரிக்குச் சுட்டது. "உமக்கு என்ன பேர்?"

"ஷிரீன்."

"எங்கை விழுந்தவர்?"

"இங்கதான் ஆன்டி. ஸ்டேஷன் முன்னாடி."

"செருப்பு எங்கை?"

ஷிரீன் துணியை எடுத்து, ஏற்கனவே சுத்தமாக இருந்த மேசையைத் துடைத்தாள். திரும்பவும் துடைத்தாள்.

"நான் சண்டை பிடிக்க வரேல்லை பிள்ளை. நாற்பது வருசம் அந்த ஆளோடை இருந்தனான். ஆரின்ரை வீட்டு வாசலிலை செருப்பு இருக்கெண்டு மட்டும் சொல்லும். நான் எடுத்துக்கொண்டு போறன்."

"ஐயோ ஆன்டி, நீங்க நினைக்கிற மாதிரி..." ஷிரீன் பாதியில் நிறுத்தி, கல்லாவில் இருந்தவரிடம் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். "வாங்க. வாப்பாகிட்ட கூட்டிட்டுப் போறேன்."

கிடங்குகளின் பின்னால், ஆற்றைப் பார்த்த மாதிரி ஒரு சின்னப் பச்சைக் கட்டடம். வீடில்லை. கூரைக்கு மேலே பிறைக் கொடி. தர்கா. வாசற்படியோரம் வெயில்மறைப்பின் கீழே சில செருப்புகள் கிடந்தன. அவற்றிலிருந்து சற்றுத் தள்ளி, தனியே, ஒரு சோடிப் பழுப்புத் தோல் செருப்பு.

குணேஸ்வரியின் கால்கள் நின்றுவிட்டன. ஒரு பெண்ணைத்தான் எதிர்பார்த்து வந்தாள். பெண்ணாயிருந்தால் அழுதிருக்கலாம், திட்டியிருக்கலாம்.

உள்ளிருந்து அந்த வெள்ளைத் தொப்பிப் பெரியவர் வந்தார். அவரோடு அத்தர் வாசனையும் வந்தது.

"வாங்கம்மா" என்றார். "நான் கௌஸ். போர்ட்ல சரக்குத் தூக்குற வின்ச் ஓட்டுனவன். முத்து இங்க ரயில்வே ஆபிஸ்ல இருந்த காலத்துலேருந்து பழக்கம்."

"அவர் மதம் மாறிட்டாரோ?" என்று கேட்டாள் குணேஸ்வரி. சுற்றி வளைக்கவில்லை.

கௌஸ் மகளைப் பார்த்தார். "இதுக்குத்தாம்மா பயந்தோம். உள்ள இந்தத் திண்டுல உக்காந்திருந்தாரு. அப்படியே சாஞ்சிட்டாரு. தர்காவுக்குள்ள விழுந்தாருன்னு எழுதினா, மத இலாகாக்காரன் ஒருத்தன் கேப்பான், இவரு எப்ப மாறுனாருன்னு. முஸ்லிமா அடக்கம் பண்ணணும்பான். அப்புறம் விசாரணை, கோர்ட்டு. உடம்பு வீட்டுக்கு வராம குடும்பம் அல்லாடும். வேற ஊருல நடந்திருக்கு. அதான் அவர ஸ்டேஷன் முன்னாடி தூக்கிட்டுப் போய் வச்சு ஆம்புலன்ஸக் கூப்பிட்டோம்; அங்கதான் விழுந்தாருன்னு இவள நான்தான் சொல்லச் சொன்னேன். செருப்ப அனுப்புனா நீங்க எங்கேருந்துன்னு கேப்பீங்க. தூக்கிப் போடவும் கை வரல. அவரு விட்ட இடத்துலயே இருக்கட்டும்னு விட்டுட்டோம்."

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லேல்லை."

"மாறலம்மா. நெத்தி நிறைய துன்னூறோட வருவாரு. உள்ள நுழையறப்ப கைக்குட்டைய நாலு முடிச்சு போட்டுத் தலையில கவுத்துக்குவாரு. ஒரு தடவை கிண்டலாக் கேட்டேன், என்ன முத்து, எங்க பக்கம் வந்துடேன்னு. உன் விளக்குக்கு எண்ணெய்தான் தருவேன், கையெழுத்து தரமாட்டேன்னாரு."

"எண்ணெயோ?"

"நல்லெண்ணெய். வாரா வாரம் சின்னப் போத்தல்ல."

கோடு போட்ட போத்தல் குணேஸ்வரியின் கண்முன் வந்தது. லோகேஸ்வரியின் முகமும் வந்தது.

"ஏன்?" என்றாள்.

"உங்க மகளுக்குச் சின்னதுல மூளைக் காய்ச்சல் வந்துச்சில்ல? அப்ப டியூட்டி முடிஞ்சு இங்க வந்து இந்தப் படியில உக்காந்து அழுதாரு. எங்க வாப்பாதான் உள்ள கூட்டிட்டுப் போனாங்க. பிள்ளை பொழச்சா விளக்கு அணையாம பாத்துக்கறேன்னு நேந்துக்கிட்டாரு. பொழச்சுது. ரிட்டயர் ஆனதும் வாரா வாரம் இங்க வர ஒரு காரணம் வேணுமில்ல? அதான் இந்தச் சரித்திரம், நடை எல்லாம். முதல்ல சாக்குதாம்மா. அப்புறம் பைத்தியமாயிட்டாரு. நான் பொறந்த ஊரப் பத்தி எனக்கே கிளாஸ் எடுப்பாரு."

ஷிரீன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அழவும் செய்தாள்.

குணேஸ்வரிக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் காய்ச்சலுக்கு அவளும் நேர்ந்திருந்தாள். கந்தசுவாமி கோயிலில் வருடம் தவறாமல் பால்குடம் எடுத்தாள். முருகன்தான் பிள்ளையைத் தந்தான் என்று உறவு முழுக்கச் சொன்னாள். அவர் பக்கத்தில் நின்று, ஓம் ஓம் என்று தலையாட்டினாரே.

"எனக்குச் சொல்லியிருக்கலாம்."

"நானும் சொன்னேம்மா. அவ முருகன்கிட்ட பங்கு கேக்கச் சொல்றியான்னாரு."

ஆற்றில் ஒரு படகு சத்தமிட்டுக்கொண்டு போனது. அவள் கௌஸின் முகத்தையே பார்த்தாள். பொய் சொல்கிறவரின் முகமா? ஒரு தடவை பொய் சொன்னவர்கள்தானே. கதையாகச் சொல்கையில் எல்லாம் பொருந்தித்தான் வருகிறது. இறந்தவரைக் கூப்பிட்டுக் கேட்கவும் முடியாது. ஷிரீன் நல்ல பெண்ணாகத் தெரிந்தாள். நல்ல பெண்ணாகத் தெரிவதே அவளுக்கு உறுத்தியது.

வாசற்படியில் குனிந்து அந்தச் செருப்புகளை எடுத்தாள். மூன்று வாரத்து மழைச்சாரலில் தோல் விறைத்துப்போய், ஓரங்களில் உப்புப் பூத்திருந்தது. இன்னொரு வீடு, இன்னொருத்தி என்று இருந்திருந்தால், இந்த வாரை அவள் எப்போதோ தைத்துக் கொடுத்திருப்பாள். ஊக்கைக் கழற்றி எறிந்திருப்பாள்.

வலது செருப்பைத் திருப்பி, வாரை இழுத்துப் பார்த்தாள்.

ஊசி துருப்பிடித்திருந்தது. பச்சை மணி வைத்த அந்த ஊக்கு, அவர் குத்திய இடத்திலேயே மூடியபடி இருந்தது.