அப்பாவுக்குப் போட்ட சென்ட்

பெங்களூரிலிருந்து உமாராணி கொண்டுவந்த சென்ட் பாட்டில் கறுப்பு நிறம், உள்ளங்கையில் அடங்கிவிடும். திறந்தால் பூ வாசமா வரும்? கருப்பட்டிப் பாகு அடிப்பிடித்த வாசனை, அதன் பின்னாலேயே தேன், காப்பி, விறகுப் புகை. மனுஷர் மேல் பலகார வாசம் வீசுவதுதான் இப்போது நாகரிகமாம். வீசட்டும், யார் வேண்டாம் என்றது? அவளோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். அப்பாவுக்கும் போட்டுவிட்டாள், அதுதான் வினையாகப் போயிற்று.

போன தடவை பெண் பார்க்க வந்த அன்று அப்பா ஆறுமுகநயினார் வயலுக்கு மருந்தடித்துவிட்டு, கைகால் மட்டும் கழுவிக்கொண்டு வந்து சபையில் உட்கார்ந்தார். மாப்பிள்ளையின் அத்தை முந்தானையை எடுத்து மூக்கில் வைத்தவள், எழுந்து போகிற வரைக்கும் எடுக்கவில்லை. அந்தச் சம்பந்தம் தட்டிப்போனதில் உமாராணிக்கு வருத்தமில்லை. அந்த முந்தானைதான் உறுத்திக்கொண்டே இருந்தது. நியாயப்படி அத்தைக்காரி மேல் வரவேண்டிய கோபம், அப்பா மேல் வந்தது.

ஆனி மாதம், நல்ல சாரல். இன்றைக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள் குற்றாலத்தில் குளித்துவிட்டுப் பதினொரு மணிக்குப் பண்பொழிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஏழு மணிக்கே அப்பாவுக்கு வெள்ளைச் சட்டையைப் போட்டுவிட்டு, காலரைத் தூக்கி, கழுத்தைச் சுற்றி நாலு அழுத்து அழுத்தினாள். அவர் ஊசி போடப்போகிற பிள்ளை மாதிரி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

"ஏட்டி, கருப்பட்டிக் காப்பிய மேல கொட்டுன மாதிரில்லா இருக்கு."

"பேசாம நில்லுங்கப்பா."

அடுக்களையிலிருந்து அம்மா சந்தனமாரி குரல் கொடுத்தாள். "வாரவியளுக்கு ஒரு பலாப்பழம் குடுத்துவிட வேண்டாமா?"

"மேலத் தோப்புல ஒரு வருக்கை பழுத்து நிக்கி. ஒரு எட்டு போய் வெட்டிட்டு வந்திருதேன்" என்று அவர் வண்டியை எடுத்தார். சட்டையை அழுக்காக்கிக்கொண்டு வந்து நிற்பார் என்று உமாராணியும் பின்னால் ஏறிக்கொண்டாள்.

தோப்புக்கு மேல் வேலி, வேலிக்கு மேல் காடு. பலா பழுத்தால் கரடி இறங்கும். அதனால் அந்தத் தோப்பில் முப்பது வருஷமாக ஒரு சட்டம் இருந்தது, போட்டவர் ஆறுமுகநயினார். பழம் வெட்டினவன் முழங்கை வரைக்கும் மண்ணெண்ணெய் தேய்த்துக் கழுவாமல் அங்கே நிற்கக் கூடாது. துபாயிலிருந்து வந்த சொரிமுத்து ஒரு நாள் அத்தர் பூசிக்கொண்டு வேலைக்கு வந்தான். "கரடிக்கு மாப்பிள்ளையாப் போறியாலே?" என்று வீட்டுக்கு விரட்டிவிட்டார்.

அப்படிப்பட்டவர் மோட்டார் ரூமுக்குள் போனதும் முதல் வேலையாக மண்ணெண்ணெய் பாட்டிலை எடுத்துத் துணியை நனைத்தார். துணி கழுத்துக்குப் போனது.

"அப்பா! என்ன செய்திய?"

"இந்த வாசம் இங்கன ஆகாதும்மா. லேசா துடைச்சுக்கிடுதேன்."

"மண்ணெண்ண வாடையோட அவிய முன்னால வந்து உக்காரப் போறியளா? இன்னிக்கு ஒரு நாளாவது மனுஷன் மாதிரி வாங்களேன்."

வாயை விட்டுப் போன பிறகுதான் அந்தச் சொல் அவளுக்கே கேட்டது. அவர் துணியை ஆணியில் மாட்டினார். "சரி, நீ சொன்னாச் சரி" என்று அரிவாளை எடுத்துக்கொண்டு போனார். போகும்போது வேலிப்பக்கம் இரண்டு தடவை பார்த்தார்.

காம்பை வெட்டியதும் பழம் விழுந்து பிளந்தது. அவர் அரிவாளை மரத்தில் கொத்தி வைத்துவிட்டுக் குனிந்தார். உண்ணிச்செடிப் புதர் ஆடியது. கரடி நாலு காலில் வந்தது. பிளந்து கிடந்த பழத்தைத் தாண்டி வந்தது. அதைத்தான் உமாராணியால் சாகும்வரை மறக்க முடியாது. பழத்தை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பின்னாலிருந்து அவரைச் சேர்த்துப் பிடித்துக் கழுத்தில் மூக்கை வைத்து உறிஞ்சியது. அப்புறம் கடித்தது. அவர் "ஏட்டி, ஓடிரு!" என்றார். திரும்பியவரின் முகத்தில் நகம் இறங்கி, நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் சதை உரிந்து தொங்கியது. ஒரு கண் இருந்த இடத்தில் ரத்தம் மட்டும் கொப்பளித்தது. அவரைக் கீழே தள்ளி ஏறி உட்கார்ந்து, காலரைப் பல்லால் இழுத்து இழுத்துக் கிழித்தது.

உமாராணி ஓடத்தான் ஓடினாள், மரத்தைப் பார்த்து. அரிவாளைப் பிடுங்கி முதுகில் வெட்டினாள். மயிருக்குள் இறங்காமல் வழுக்கியது. "விடு நாயே! எங்கப்பன விடு!" மறுபடியும் வெட்டினாள். அது ஒரு கையை வீசியதில் அவள் முழங்கை வரைக்கும் கிழிந்து எலும்பு தெரிந்தது. வலி தெரியவில்லை. கரடி முகத்தைத் திருப்பியபோது மூக்கிலேயே போட்டாள். பல்லில் பட்டு அரிவாள் அதிர்ந்தது. இன்னொன்று, இன்னொன்று. எத்தனை என்று அவளுக்குத் தெரியாது. கரடி பிள்ளை மாதிரி ஓலமிட்டுக்கொண்டு காட்டுக்குள் போனது. வாயில் அந்தக் காலர் துண்டு இருந்தது. அது போன பிறகும் அவள் மண்ணை வெட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்துத் தோப்புக்காரர்கள் ஓடிவந்து கையைப் பிடித்துத்தான் நிறுத்தினார்கள். அங்கே ரத்த வாடையோடு அடிப்பிடித்த கருப்பட்டி வாசமும் கிடந்தது.

தென்காசி ஆஸ்பத்திரியில் சாயங்காலம் உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். கண் போனது போனதுதான். மூக்கில் பாதி இல்லை. குற்றாலத்தில் குளித்த மாப்பிள்ளை வீட்டார், செய்தி கேட்டு ஈரத் தலையோடு வந்தவர்கள், இன்னும் போகாமல் கட்டிலைச் சுற்றி நின்றிருந்தார்கள். வனத்துறைக்காரர் செந்தில்வேல் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"அண்ணாச்சி, ஊருக்கே புத்தி சொல்லுதவுக நீங்க. பழத்த வெட்டிட்டு கை கழுவாம எப்பிடி நின்னிய?"

கட்டுக்குள்ளிருந்து ஆறுமுகநயினாரின் ஒற்றைக் கண் மகளைப் பார்த்தது.

"மறந்துட்டேன்" என்றார்.

"இந்த வயசுக்கு அப்பிடி என்ன மறதி?" என்று சந்தனமாரி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

உமாராணி எழுந்தாள். அவர் அவளுடைய நல்ல கையைப் பிடித்து அமுக்கினார். பேசாதே என்று அர்த்தம்.

"மறக்கல சார்" என்றாள். மாப்பிள்ளையின் அம்மா நிமிர்ந்து பார்த்தாள். பார்க்கட்டும். "கழுத்துல நாந்தான் சென்ட் போட்டேன். அதத் துடைக்கப் போனவர நாந்தான் விடல. இவிய முன்னால எங்கப்பா மேல வாடை அடிச்சிரும்னு எனக்கு வெக்கமா இருந்துச்சு. இன்னிக்கு ஒரு நாளாவது மனுஷன் மாதிரி வாங்கன்னு சொன்னேன் சார். அதையும் எழுதிக்கிடுங்க."

செந்தில்வேல் எழுதவில்லை. ஆறுமுகநயினாரும் பிடித்த கையை விடவில்லை.