மடித்தால் மூலை நிற்காது

வலது கட்டைவிரலின் அடியில் தொடங்கும் வலி முழங்கை வழியாக ஏறித் தோள்பட்டையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். காலை பத்து மணிக்கு விரல், பதினொன்றுக்கு முழங்கை, பன்னிரண்டுக்குத் தோள். டவுன் பஸ்கூட இவ்வளவு நேரம் தவறாமல் வராது. பை மடிக்கும் மேசையில் ஐந்து வருஷம் நின்றபோது இடுப்பு போனது. இப்போது நாற்காலியில் உட்கார்ந்து மவுஸ் பிடிக்கிறேன், தோள் போகிறது. உடம்பின் ஏதோ ஒரு பாகத்தைக் கொடுக்காமல் சோறு தின்ன எனக்கு வழி தெரியவில்லை.

அன்றைக்குப் புதன்கிழமை. ஒரே ஓர் எழுத்தைப் பதினான்காவது தடவையாக வரைந்துகொண்டிருந்தேன். 'ப'.

பேட்டை தொழிற்பேட்டையில் பின்வரிசை ஷெட் எங்களுடையது. பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்த வருஷம் இஸ்ரவேல் அண்ணாச்சி தொடங்கிய பேப்பர் பை கம்பெனி. தகரக் கூரை, நடுவில் நீள மேசை, அதைச் சுற்றி ஆறு பெண்கள் நின்றபடி மடிப்பதும் பசை தடவுவதுமாக இருப்பார்கள். மூலையில் கம்ப்யூட்டர். அண்ணாச்சியின் நாற்காலியை விட்டால் அந்த ஷெட்டில் உட்கார இருப்பது கம்ப்யூட்டர் முன்னால் கிடக்கும் இந்த ஒன்றுதான்.

பாளையங்கோட்டையில் ஆவுடைநாயகம் அண்ணாச்சி புதிதாக ஜவுளிக்கடை திறக்கிறார். கடைக்குப் பெயர் பவளம். இருபதாயிரம் பை எங்களிடம் சொல்லியிருந்தார். லோகோவும் நாங்களே போட்டுக் கொடுப்பதாகப் பேச்சு. பெங்களூரில் இருக்கும் அவருடைய மச்சினன் போனில் ஒரு படம் அனுப்பியிருந்தான். நாடா போல நீளமான ஒரு தாளை மடக்கி மடக்கி ஏதோ ஓர் ஆங்கில எழுத்து, மடிப்பு விழுந்த இடங்களில் மெல்லிய நிழல். இதே மாதிரி, தாளை மடித்த மாதிரி, நம்ம 'ப' வேண்டும் என்றார் ஆவுடைநாயகம் அண்ணாச்சி.

கேட்கும்போது சுலபமாகத்தான் இருந்தது. 'ப'வில் என்ன இருக்கிறது? இறங்குகிற ஒரு பட்டை, படுத்துக் கிடக்கிற ஒரு பட்டை, ஏறுகிற ஒரு பட்டை. போட்டோஷாப்பில் மூன்றையும் மூன்று லேயராக வரைந்தேன். எல்லாம் பவள நிறம். ஒன்று கொஞ்சம் வெளிறி, ஒன்று கொஞ்சம் அடர்ந்து. கீழ்மூலை இரண்டிலும் சாய்வாக ஒரு கோடு. அந்தக் கோட்டை ஒட்டிக் கறுப்பில் தொடங்கி மங்கிப்போகிற நிழல். யூடியூபில் சொல்லிக்கொடுத்தது அப்படித்தான்.

ஒன்பது நாளில் அனுப்பிய பதிமூன்றும் திரும்பி வந்தன. நிழலைக் கூட்டு என்றார். கூட்டினேன். அழுக்காகத் தெரிகிறது என்றார். குறைத்தேன். செத்துப்போய்க் கிடக்கிறது என்றார். சிவப்பைக் கூட்டு, பட்டையை அகலமாக்கு, மெலிசாக்கு, கொஞ்சம் எழுப்பிக் காட்டு. எதை எழுப்ப? என்ன பிடிக்கவில்லை என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை ராகு காலம், அந்த நேரத்தில் எதையும் அனுப்பாதே என்பது மட்டும் தெளிவாகச் சொல்லியிருந்தார்.

பதினான்காவதைப் பதினொன்றரைக்கு அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் குரல் பதிவு வந்தது. முழங்கை வலியில் கை தவறி ஸ்பீக்கரைத் தட்டிவிட்டேன். ஷெட் முழுக்கக் கேட்டது.

"ஏம்மா, இது மடிச்ச மாதிரியே இல்லியே. எங்க வீட்ல பாத்துட்டு, என்ன, ஜவுளிக்கடைன்னு சொல்லிட்டு பைப்புக் கடையா வைக்கப் போறியன்னு கேக்காவ. வேற மாதிரி பாரும்மா."

மேசையைச் சுற்றி ஆறு பேரும் சிரித்தார்கள். சத்தமாகச் சிரித்தவள் கோமு.

"யக்கா, அதுக்கு அடியில ஒரு கொடத்தையும் வரைஞ்சு வையி. தண்ணி பிடிச்சுக்கிடலாம்."

"ஒன் வாயில பசைய தடவுட்டி," என்றேன்.

சிரிப்புச் சத்தம் கேட்டு இஸ்ரவேல் அண்ணாச்சி எழுந்து வந்தார். திரையை ஒரு தடவை பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"ஏம்மா ரீபா, அஞ்சு மணிக்கு அவுக நேர்லயே வாராவ. இன்னைக்கும் பிடிக்கலன்னா என்னால ஆகாது. நாளைக்கு ஜெய்சன வந்து உக்காரச் சொல்லிட்டேன். மல்டிமீடியா படிச்சுட்டு வீட்ல சும்மாதான கிடக்கான்." ஜெய்சன் அவருடைய மனைவியின் அண்ணன் மகன். "நீ பழையபடி மேசைக்குப் போ. மடிக்கவா தெரியாது ஒனக்கு?"

எங்கள் அம்மை ஆழ்வார்குறிச்சியில் வயல் வேலைக்குப் போனவள். நாற்று நட்டே முதுகு கூனிவிட்டது, நாற்பத்தாறு வயதில். அப்பா லாரிக்கு மூட்டை ஏற்றினார். எங்கள் வீட்டில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான். இந்த நாற்காலிக்குச் சக்கரம் ஒன்று உடைந்திருக்கிறது. ஒரு பக்கம் சாயும். அதைவிட்டு இறங்க எனக்கு மனசில்லை.

இந்த நாற்காலி எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மேசையில் இரண்டு இரண்டு பேராக வேலை. ஒருத்தி மடிக்க, ஒருத்தி ஒட்ட வேண்டும். எண்ணிக்கை இரண்டு பேருக்கும் சேர்த்து ஒன்றுதான். எனக்கு ஜோடி கோமு. முன்னால் இருந்த டிசைனர் வேலையைவிட்டுப் போன பிறகு கம்ப்யூட்டர் தூசி பிடித்துக் கிடந்தது. நான் கற்றுக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். எண்ணிக்கை குறையாவிட்டால் என்ன வேண்டுமானாலும் செய் என்றார் இஸ்ரவேல் அண்ணாச்சி. ஏழு மாதம், மத்தியானம் மூன்றிலிருந்து ஐந்து வரை நான் இங்கே உட்கார்ந்தேன். அங்கே கோமு தானே மடித்துத் தானே ஒட்டினாள். எண்ணிக்கை ஒரு நாளும் குறையவில்லை.

"நீ படிச்சு முடிச்சதும் எனக்குச் சொல்லித் தரணும். தெனம் ஒரு மணி நேரம். ஏமாத்திரக்கூடாது," என்றாள் அப்போது.

"சத்தியமா தருவேண்டி," என்றேன்.

அது நடந்து ஒன்றரை வருஷமாகிறது. முதலில் வேலை அதிகம் என்றேன். பிறகு அண்ணாச்சி ஏதாவது சொல்வார் என்றேன். கொஞ்ச நாளில் அவளும் கேட்பதை நிறுத்திவிட்டாள். அவள் என்னைவிட ஆறு வயது இளையவள், என்னைவிடக் கை வேகம். இரண்டு பேருக்குத் தெரிந்தால் நாற்காலி ஒன்றுதானே என்கிற கணக்கு எனக்குள் ஓடியதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

பன்னிரண்டரைக்குக் கரண்ட் போனது. யுபிஎஸ் மூன்று தடவை கத்திவிட்டு அதுவும் செத்தது. பதினைந்தாவதைப் பாதி வரைந்திருந்தேன், சேமிக்கவில்லை. மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டேன். எனக்கு அழுகை வரவில்லை. யாரையாவது அடிக்கலாம் போல இருந்தது.

கரண்ட் வந்தபோது மணி ஒன்றரை. சாப்பாட்டு நேரம். பதினான்காவதைத் திறந்து வைத்துக்கொண்டு புளிச்சோற்றைப் பிசைந்தேன். கோமு தண்ணீர் பிடிக்க என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். போனவள் நின்றாள்.

"யக்கா, இந்த மூலை எங்கனருந்து வந்துது?"

"எந்த மூல?"

"இந்தா, கீழ. சதுரமா நிக்குல்லா. மடிச்சா இங்கன எப்படி மூலை நிக்கும்?"

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "ஏட்டி, ஒரு கம்பெனியே என் தலையில ஏறி உக்காந்துருக்கு. நீயும் வந்து ஏறாத. போயி ஒன் வேலைய பாரு. கம்ப்யூட்டர்ல வரையதப் பத்தி ஒனக்கு என்ன தெரியும்?"

"தெரியாதுதான்," என்றாள் கோமு. "நீ சொல்லித் தந்தால்லா தெரியும்."

என் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. வெட்டுமிஷின் அடியில் கிடந்த குப்பையிலிருந்து நீளமான ஒரு துண்டை உருவினாள். ஒரு பக்கம் சிவப்பு அச்சு, மறுபக்கம் வெள்ளை. சிவப்பு தெரிய நேராகத் தொங்கவிட்டாள். கீழே வந்ததும் ஒரு மடக்கு, வலது பக்கம் போனது. நகத்தால் ஒரு இழுப்பு. இன்னொரு மடக்கு, மேலே ஏறியது. இன்னொரு இழுப்பு. மூன்று விநாடிகூட இருக்காது. என் கீபோர்டின் மேல் வைத்தாள்.

'ப'.

கீழ் மூலை இரண்டும் இல்லை. மடிப்பு விழுந்த இடத்தில் மூலை சாய்வாக வெட்டுப்பட்டிருந்தது. இறங்குகிற பட்டை சிவப்பு, படுத்திருக்கிற பட்டை வெள்ளை, ஏறுகிற பட்டை மறுபடியும் சிவப்பு.

"மடிச்சா மூலை நிக்காதுக்கா. உள்பக்கம் வெளிய வந்துரும். நீ மூணையும் செவப்பா போட்டு வச்சிருக்க. அப்போ அது பைப்பு மாதிரித்தான இருக்கும்? நிழலும் அந்தச் சாய்வுல விழாது. மேல கிடக்க தாளோட விளிம்பு இருக்குல்லா, அது அடியில கிடக்கதுமேலதான் விழும். நேரா, குறுக்க." சுண்டுவிரலால் காட்டினாள். "அஞ்சு வருசம் மடிச்சிருக்கக்கா நீ."

தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் சோற்றுக்கையோடு அந்தத் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து வருஷத்தில் எத்தனை லட்சம் மடிப்பு மடித்திருப்பேன்? பதினான்கு தடவை வரைந்தபோதும் காலடியில் கிடந்த ஒரு துண்டைக்கூட எடுத்து மடித்துப் பார்க்கத் தோன்றவில்லை. தோன்றவில்லை என்பதும் பொய். இரண்டாவதோ மூன்றாவதோ வரைந்தபோது கை தானாகக் கீழே போனது. ஷெட்டில் எல்லோரும் பார்க்க இந்த நாற்காலியில் இருந்துகொண்டு தாளைக் கையில் எடுப்பதா என்று இழுத்துக்கொண்டேன். தாள் கையில் இருந்தால் மேசைக்காரி. மவுஸ் இருந்தால் டிசைனர். அந்த வீறாப்புக்கு ஒன்பது நாள் போனது. தோளும் போனது.

கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்தேன். பழையதை எல்லாம் அழித்தேன். துண்டைத் திரையோரம் பசையால் ஒட்டிவைத்து அதைப் பார்த்தே வரைந்தேன். மூலைகளைச் சாய்வாக வெட்டினேன். கீழ்ப்பட்டைக்குப் பழுப்பேறிய வெள்ளை. பவளப் பட்டையின் மேல் குறுக்காக மெல்லிய ஒரு நிழல், இரண்டு இடத்தில் மட்டும். நான்கு மணிக்குள் முடிந்தது. இவ்வளவுதானா என்று எரிச்சல் வந்தது.

ஆவுடைநாயகம் அண்ணாச்சி ஐந்து மணி என்றால் நாலேமுக்காலுக்கு வருகிற ஆள். நெற்றி நிறைய விபூதி, கையில் மஞ்சள் பை. திரையில் பார்க்க மாட்டேன், தாளில் எடுத்துக் கொடு என்றார். எடுத்துக் கொடுத்தேன். கையை நீட்டித் தூரத்தில் வைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் பார்த்தார். இஸ்ரவேல் அண்ணாச்சி நின்ற இடத்திலேயே கால் மாற்றி நின்றார். ஏதாவது குறை சொல்லப்போகிறார், சொன்னால் இந்தத் தாளைக் கிழித்துவிட்டு நானே மேசைக்குப் போய்விடுவேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இது உள்பக்கமா?" வெள்ளைப் பட்டையைத் தொட்டுக் கேட்டார்.

"ஆமா அண்ணாச்சி. மடிச்சா உள்பக்கம் தெரியும்லா."

"அப்படிச் சொல்லு! நல்ல சேலை வாங்க வாரவ மொதல்ல உள்பக்கத்தத்தான் திருப்பிப் பாப்பா. இதத்தான நான் மொதல்லருந்து கேக்கேன்?"

அவர் ஒரு நாளும் அதைக் கேட்கவில்லை.

"நல்ல யோசனைவே இஸ்ரவேலு. யாரோடது?"

"நம்ம ரீபாதான். ஒத்தையில உக்காந்து செஞ்சா. நான் தெனம் சொல்லிட்டே இருப்பேன், கெட்டிக்காரி, மெதுவா செஞ்சாலும் சரியா செஞ்சிருவான்னு." காலையில் என்னை மேசைக்குப் போகச் சொன்ன அதே வாய்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். மேசை எட்டடி தூரத்தில் இருந்தது. கோமு பசை தடவிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்டிருக்கும். அவள் பெயரைச் சொல்ல எனக்கு ஒரு விநாடி போதும். அதைச் சொன்னால் அடுத்த விநாடி இஸ்ரவேல் அண்ணாச்சி அவளைத் திரும்பிப் பார்ப்பார் என்பதும் எனக்குத் தெரியும்.

"யோசிச்சுட்டே இருந்தேன் அண்ணாச்சி. வந்துட்டு," என்றேன்.

கோமுவின் பிரஷ் நிற்கவில்லை.

ஜெய்சனுக்குப் போன் போட்டு நாளைக்கு வர வேண்டாம் என்று சொல்லியாயிற்று. ஆறு மணிக்கு எல்லோரும் கிளம்பினார்கள். கோமு குழாயடியில் விரல் இடுக்கில் காய்ந்த பசையை உரித்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"நாளைக்கும் அந்த நாற்காலியில நீதான?" என்றாள், திரும்பாமல்.

"ஆமா."

"சரி. யுபிஎஸ்ஸ மாத்தச் சொல்லு. சவம், மூணு தடவ கத்துனா போயிருது."

தூக்குவாளியை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். உள்ளே வந்து கம்ப்யூட்டரை அணைத்தேன். திரையோரம் அவள் மடித்த துண்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. தோளைத் தூக்க முடியவில்லை.

ஏழு மாதம், தினம் இரண்டு மணி நேரம் கோமு என் பைகளை மடித்தாள். அதற்குத் தினம் ஒரு மணி நேரம் இந்த நாற்காலியில் அவளை உட்காரவைத்துச் சொல்லித் தருவதாகச் சொன்னேன். ஒரு மணி நேரம்கூட இன்னும் கொடுக்கவில்லை.